“ஜெனரேட்டர் இருக்கு டாக்டர்”

போன மழைக்காலத்தில் ஒரு புயல் இரவு. கடலோர ஊர் ஒன்றின் பாதுகாப்பு மையத்தில் எழுபது, எண்பது குடும்பங்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு இளைப்பு வந்துவிட்டது. விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறது, இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. மருந்தைப் புகைபோல் ஆக்கிக் கொடுக்கும் நெபுலைசர் இருக்கிறது, கரன்ட் இல்லை. “ஜெனரேட்டர் இருக்கு டாக்டர்” என்று நாலு பேர் ஓடினார்கள். அந்த அறை பூட்டிக் கிடந்தது, சாவிக்காரர் ஊரில் இல்லை. பூட்டை உடைத்து ஜெனரேட்டரின் சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் வரவில்லை. பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும்.

கடைசியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் துளை போட்டு, என் பையிலிருந்த ஆஸ்துமா பம்பைச் (இன்ஹேலரை) செருகி, வாய்ப்பக்கத்தைப் பையனின் வாயில் வைத்து மருந்து கொடுத்தோம். இளைப்பு தணிந்தது. (பம்பும், இந்தப் பாட்டிலின் வேலையைச் செய்யும் ஸ்பேசர் என்ற குழாயும் வைத்துச் சரியாகக் கொடுத்தால் நெபுலைசருக்குக் குறைந்தவை இல்லை, கரன்டும் வேண்டாம். ஒவ்வொரு மையத்திலும் ஒரு ஜோடி வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.)

இது முதல் தடவை என்றால் எழுதியே இருக்க மாட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு, தானே, கஜா என்று ஒவ்வொரு புயலாகப் பார்த்த பிறகு, நம் கடற்கரையில் நல்ல நல்ல கட்டடங்கள் வந்திருக்கின்றன. கட்டடத்தில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் பொருளை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் மையம் தயார் என்று நினைக்கிறோமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பதிவேட்டில் ‘ஜெனரேட்டர் – 1’ என்று இருக்கும். அது ஓடுமா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஓட்டாமல் போட்ட வண்டியின் பேட்டரி இறங்கிவிடும் என்பது வீட்டில் பைக் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டர் பேட்டரியும் அதேதான். டேங்கில் கிடக்கும் டீசலில் தண்ணீர் சேரும், பில்டர் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதுவும் சும்மா உறும விட்டு அணைப்பதில் பயன் இல்லை. மின்விசிறி, விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் போட்டு ஓட்டினால்தான் தாங்குமா தாங்காதா என்று தெரியும்.

இன்னொன்று, மழை கொட்டுகிறது என்று அதை வராந்தாவுக்குள் இழுத்து வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, வாந்தி வரும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள்.

பிளீச்சிங் பவுடர் கதையும் இதேதான். போன வருடம் பிரித்த மூட்டை ஈரக்காற்றில் வீரியம் போய் வெறும் சுண்ணாம்பாக இருக்கும், அதைத்தான் தொட்டியில் கொட்டுகிறார்கள். புது பாக்கெட் வாங்குங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அப்புறம் மருந்து. அதே இரவில் ஒரு பாட்டி மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பேரனின் மதிப்பெண் பட்டியல், எல்லாம் பாலித்தீன் உறையில் பத்திரமாக. மாத்திரை இல்லை. “அது அலமாரியில இருக்குய்யா, மூணு நாள் போடலைன்னா என்ன” என்றார். பிரஷர் மேல் எண் இருநூறைத் தாண்டியிருந்தது. பத்திரத்தோடு ஒரு வாரத்து மாத்திரையும் அந்தப் பையில் இருக்கட்டும், தயவுசெய்து. இன்சுலின் போடுபவர்கள் பிரிட்ஜ் இல்லை என்று அதைத் தூக்கி எறியாதீர்கள். கஜாவுக்குப் பிறகு கரன்ட் வரப் பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. எத்தனை பேர் நல்ல மருந்தை வீசிவிட்டு ஊசி இல்லாமல் இருந்தார்கள் தெரியுமா? பிரித்த குப்பி வெயில் படாத இடத்தில், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் நாலு வாரம் வரை தாங்கும். ஐஸ்மேல் நேராக வைத்து உறைந்தாலும், வெயிலில் சூடேறினாலும் கெட்டுவிடும்.

யாருக்கு என்ன நோய் என்கிற பட்டியல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடம் இருக்கிறது, நிறைமாதக்காரர்கள் யார் என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி மையத்தில் வைக்க ஒரு மதியம் போதும். நிறைமாதப் பெண்களை மையத்துக்கே கொண்டுவராதீர்கள், புயல் எச்சரிக்கை வந்ததுமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.

நான் பார்த்தவரை, புயலன்று ஒழுங்காக இருந்த மையங்கள் எல்லாமே சாதாரண நாளில் ஆள் புழங்குகிற மையங்கள்தான். மகளிர் குழுக் கூட்டம், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, வளைகாப்பு என்று ஏதோ ஒன்று நடக்கும். கழிவறைக் குழாய் உடைந்தால் அன்றைக்கே யாராவது சத்தம் போடுவார்கள். திறந்து விடுங்கள். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் மையத்துக்கு எதிர்வீட்டுக்காரராக இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. இந்த வருடம் அதை மையத்தில் நடத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டரில் மைக்கைப் போடுங்கள். ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட அன்றைக்கு நேரம் இருக்கிறது.