‘ஏவுகணை அழிப்பான்’ ஏன் தவறு?

இந்தியக் கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். சென்னை, ஆங்கிலத்தில் ‘கைடட் மிசைல் டெஸ்ட்ராயர்’ வகை. அது பற்றிச் செய்தி வந்தாலே ‘வழிகாட்டும் ஏவுகணை அழிப்பான்’ என்று போடுகிறார்கள். மூன்றே சொல், மூன்றும் கோளாறு.

டெஸ்ட்ராயர் என்ற பெயரின் வரலாறு எளிது. 1880களில், நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோக்களை ஏவும் படகுகள் பெரிய போர்க்கப்பல்களை அச்சுறுத்தின. அந்த டார்பிடோ படகுகளைத் துரத்தி மூழ்கடிக்க பிரிட்டன் கட்டிய முதல் கப்பல்களில் ஒன்று, 1893-இல் கடலில் இறங்கிய ஹேவக். 240 டன், 26 நாட் (மணிக்குச் சுமார் 48 கி.மீ.) வேகம். அந்த வகைக்கு ‘டார்பிடோ போட் டெஸ்ட்ராயர்’ என்று பெயர். நாளடைவில் முன்னிரு சொற்களும் உதிர்ந்தன, டெஸ்ட்ராயர் நிலைத்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, கொசு விரட்டி: இவற்றில் முன்னால் நிற்கும் பெயர்தான் அடிபடும் பொருள். அப்படியென்றால் ‘ஏவுகணை அழிப்பான்’ ஏவுகணையை அழிக்கும் கருவி. ஐ.என்.எஸ். சென்னையில் உள்ள 32 பராக்-8 ஏவுகணைகள் எதிரி ஏவுகணையை நடுவானில் வீழ்த்தவும் வல்லவை என்பதால், தவறான பொருள்கூடச் சரிபோலத் தோன்றிவிடுகிறது. ஆபத்தே அதுதான். அதே கப்பலின் 16 பிரமோஸ் ஏவுகணைகள் பாய்வது கப்பல்கள்மீதும் தரை இலக்குகள்மீதும். தவிர, அழிப்பான் என்பது பள்ளிப் பிள்ளைகளின் ரப்பருக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர்.

‘வழிகாட்டும்’ இன்னும் மோசம். பிரமோஸ் யாருக்கும் வழிகாட்டுவதில்லை. அதற்குத்தான் வழி காட்டப்படுகிறது. முதலில் உள்ளிருந்து திசையை உணரும் ஜைரோ கருவிகள், இலக்கை நெருங்கியதும் மூக்கிலுள்ள ரேடார். ‘வழிகாட்டப்பட்ட’ என்று திருத்தினாலும் வீண் சுமை. எறிந்த கல்லும் ஆங்கிலத்தில் மிசைல் என்பதால் அங்கே அடைமொழி தேவைப்பட்டது. நாம் ஏவுகணை என்றாலே இலக்கு நோக்கித் திருப்பப்படுவதைத்தான் சொல்கிறோம்.

‘அழிகலம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் இப்படியும் விரிக்கலாம்: அழிந்த கலம், அழிகின்ற கலம், அழியும் கலம். போருக்குப் போகும் கப்பலுக்கு இடும் பெயரா இது? ‘நாசகாரி’ இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பழகிய சொல்; ஆனாலும் நாசவேலை, நாசகாரக் கும்பல் என்ற வரிசையில் நிற்கிறது. நம் கடற்படைக் கப்பலைச் சதிகாரர்களோடு சேர்த்து எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

சீனரும் ஜப்பானியரும் ‘அழி’ என்பதைப் பிடித்துத் தொங்கவில்லை. ‘துரத்தி விரட்டும் கப்பல்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். ஹேவக் செய்யவேண்டிய வேலையே அது. அந்த வழியில் ‘விரட்டுகலம்’ என்பேன். கலம் சங்க காலத்திலேயே கப்பலைக் குறித்த சொல். விரட்டு இன்னொன்றின்மீது செய்யும் வினை (செயப்படுபொருள் குன்றாவினை), குழப்பமில்லை. முழுப்பெயர் ‘ஏவுகணை தாங்கிய விரட்டுகலம்’. ‘தாங்கிய’வை விட்டால் பழைய பிழை திரும்பும்.

ஐ.என்.எஸ். சென்னைக்குப் பெயர் தந்த ஊரை 1914 செப்டம்பர் 22 இரவு குண்டுவீசிக் கலங்கடித்த ஜெர்மன் கப்பல் எம்டன், குரூசர் என்ற வேறு போர்க்கப்பல் வகை. அதன் பெயரையே மக்கள் சாமர்த்தியசாலிக்கு வழங்கும் சொல்லாக்கினார்கள். காதில் விழுந்ததைத் தமக்குப் பொருந்தும்படி ஆக்கிக்கொள்ளும் அந்தத் தெம்பு இன்றைய மொழிபெயர்ப்பு மேசைகளில் இல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். முடியாதபோது எல்லாமே ‘போர்க்கப்பல்’. 164 மீட்டர் நீளமும் 7,500 டன்னும் கொண்ட சென்னைக்கும் அதே பெயர், கார்வெட் என்ற சிறிய வகையைச் சேர்ந்த 3,300 டன் ஐ.என்.எஸ். கவரத்திக்கும் அதே பெயர். வகை பெயரில் தெரியவேண்டாமா?