பத்தாயிரம் ஏன் இரண்டு ஐயாயிரம் ஆவதில்லை?

என் பவர் பேங்கின் முகப்பில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. கைப்பேசியின் பேட்டரி 5,000 எம்ஏஎச். இரண்டு முறை முழுதாக ஏற்றலாம் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள், நானும் போட்டேன். அதுவோ ஒன்றரை முறையோடு ஓய்ந்துவிடுகிறது. ஏமாந்துவிட்டோம் என்ற எரிச்சலோடு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், கண்ணை இடுக்கினால் மட்டும் தெரியும் எழுத்தில், இன்னும் மூன்று விவரங்கள் இருந்தன: 3.7 வோல்ட், 37 வாட் மணி, 5 வோல்ட்டில் 6,200 எம்ஏஎச். பொய் எதுவும் இல்லை. எனக்குத்தான் அலகுகளைப் படிக்கத் தெரியவில்லை.

எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர் மணி. ஆம்பியர், மின்னோட்டத்தின் அலகு. கம்பியில் ஏதோ ஓரிடத்தில் காவல் நின்று, நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் கடந்து போகிறது என்று எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கூலும் கடந்தால் அது ஒரு ஆம்பியர். ஒரு கூலும் என்பது சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மின்னூட்டம்; அதாவது ஏறத்தாழ 62,400 கோடி கோடி. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம் வருவதுபோல, ஆம்பியரை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம் வரும். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 10 ஆம்பியர் மணி. மணிக்கு 3,600 நொடி. ஆக 36,000 கூலும். முகப்பில் இருக்கும் பெரிய எண் சொல்வது இதை மட்டும்தான். அதில் ஆற்றலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த 36,000 கூலும் பேட்டரிக்குள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதும் இல்லை. ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் வெளியேறுகிறதோ, அத்தனையும் மறு முனை வழியாக உள்ளே வந்துவிடுகின்றன. முழுதாக ஏற்றிய பேட்டரியிலும் தீர்ந்துபோன பேட்டரியிலும் மொத்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றே. சைக்கிள் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். பல மைல் மிதித்தாலும் சங்கிலியின் ஒரு கண்ணிகூடச் செலவாவதில்லை. செலவாவது மிதிப்பவரின் உடல் ஆற்றல்தான். சங்கிலி அதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. மின்சுற்றில் எலக்ட்ரான்களின் வேலை கண்ணிகளின் வேலைதான். குழாய்த் தண்ணீர் உவமையைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது: குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் எதுவும் கொட்டுவதில்லை, சங்கிலி அறுந்தாலும் அப்படித்தான், எல்லாம் நின்றுவிடும்.

சங்கிலி மெதுவாக ஓடினாலும் மிதித்த மறுகணமே சக்கரம் சுழல்கிறது அல்லவா, எலக்ட்ரான்களின் கதையும் அதுவே. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். நத்தை ஜெயித்துவிடும்.

இப்போது வோல்ட்டுக்கு வருவோம். ஒவ்வொரு கூலுமுக்கும் எத்தனை ஜூல் ஆற்றல் கொடுத்து அனுப்பப்படுகிறது என்பதே மின்னழுத்தம். ஒரு கூலுமுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வோல்ட். பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் செல் கூலுமுக்கு 3.7 ஜூல் தருகிறது. 36,000 × 3.7 = 1,33,200 ஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல், ஒரு வாட் மணி என்பது 3,600 ஜூல். வகுத்தால் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருந்த 37 வாட் மணி அப்படியே வந்து நிற்கிறது. இந்த எண்ணைத்தான் முகப்பில் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். 37 என்று போட்டால் 10,000 என்பதைப் போல எடுப்பாக இருக்காது என்பது வேறு விஷயம்.

ஆனால் கைப்பேசிக்குப் போகும் கேபிளில் 5 வோல்ட் வேண்டும். உள்ளிருக்கும் சுற்று 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்துகிறது. ஆற்றலை அதனால் உண்டாக்க முடியாது. கூலுமுக்கு அதிக ஜூல் வேண்டுமானால் கூலும்களைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4 ஆம்பியர் மணி. மாற்றும் வழியில் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுவதால் கைக்கு வருவது 6.2. மூன்றாவது விவரமும் விளங்கிவிட்டது.

கூலும் எவ்வளவு என்று தெரியாமல் வோல்ட்டை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் இதே தவறின் மறுபக்கம். வறண்ட காற்றில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவின் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்கிறதே, அதன் மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட். பாயும் மின்னூட்டமோ ஒரு கூலுமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆற்றல் மில்லி ஜூல் கணக்கில் முடிந்துவிடுகிறது. சுவரில் உள்ள மின்செருகியில் வெறும் 230 வோல்ட்தான். அதன் பின்னால் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் மின்நிலையம் இருக்கிறது. அதனிடம் இந்தத் துணிச்சலைக் காட்டக் கூடாது.

எஞ்சியிருப்பது ஓம். ஒரு ஆம்பியரை ஓட வைக்க எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்பதே மின்தடை. ஜெர்மானியரான கியோர்க் சைமன் ஓம் இதை ஆராய்ந்தபோது அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காமல் அவரை அலைக்கழித்தது. அவற்றை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு இணைப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இத்தகைய இணைப்புகளில் வெப்பநிலை வேறுபாடே மின்னழுத்தத்தை உண்டாக்கும்; வேறுபாடு மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. மின்னழுத்தம் கூடும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும் என்று 1827-இல் அவர் வெளியிட்ட முடிவுக்கு நாட்டில் வரவேற்பு மந்தமாகவே இருந்தது. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது 1841-இல்.

அவர் விதியை மனப்பாடமாகச் சொல்லும் பலர் மின்தடையை மாறாத எண் என்று எண்ணிவிடுகிறார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் தடையை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் அது இழுப்பது 0.26 ஆம்பியர், வகுத்தால் சுமார் 880 ஓம். மீட்டரோ அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. முதன்முறை நான் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். பழுது மீட்டரில் இல்லை. 880 ஓம் என்பது இழை வெண்மையாகத் தகிக்கும்போது உள்ள தடை. நான் அளந்தது குளிர்ந்த இழையை. சுவிட்சைப் போடும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதும், இத்தகைய பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே உயிரை விடுவதும் இதனால்தான்.

கேபிளுக்கும் தடை உண்டு. போய்வரும் பாதை மொத்தம் 0.2 ஓம் என்று கொள்வோம். 5 வோல்ட்டில் 10 வாட் அனுப்ப 2 ஆம்பியர் வேண்டும். கம்பியில் வெப்பமாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வரும், அதாவது 0.8 வாட். அதே 10 வாட்டை 9 வோல்ட்டில் அனுப்பினால் 1.1 ஆம்பியர் போதும்; இழப்பு கால் வாட்டுக்கும் குறைவு. வேக சார்ஜர்கள் பலவும் அழுத்தத்தை உயர்த்துவது இதற்காகவே. மலை தாண்டிப் போகும் மின்கம்பிகளில் லட்சக்கணக்கான வோல்ட் இருப்பதற்கும் இதே பெருக்கல்தான் காரணம்.

இனி என் கணக்கை முடிக்கலாம். பவர் பேங்கிலிருந்து வெளியே வருவது 5 × 6.2 = 31 வாட் மணி. கேபிளும், கைப்பேசிக்குள் இருக்கும் சுற்றும் தங்கள் பங்கை வெப்பமாக எடுத்துக்கொண்ட பிறகு பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 28 அல்லது 29. கைப்பேசியின் பேட்டரி 3.85 வோல்ட்டில் 5 ஆம்பியர் மணி, அதாவது 19.25 வாட் மணி. வகுத்துப் பார்த்தேன்: ஒன்றரை.