முக்கால் அலையில் கத்தும் ரூட்டர்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஹோம்ஸ்டேக்களுக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் பெயர்ப் பலகை செதுக்கித் தருபவர். கையில் இருப்பது 3018 வகை மேசை சிஎன்சி ரூட்டர்: பிட் என்னும் வெட்டு முனையைச் சுழற்றி, கணினி சொல்லும் வழியில் நகர்த்திச் செதுக்கும் சிறு மெஷின். பிட்டைச் சுழற்றும் பகுதி ஸ்பிண்டில், பிட் மரத்தில் நகரும் வேகம் ஃபீட். "சில்வர் ஓக்கில் 2 மி.மீ. ஆழம் இறக்கினாலே மெஷின் கத்துகிறது சார். பள்ளத்தின் சுவரில் வரிவரியாகத் தழும்பு விழுகிறது. ஃபீடைக் குறைத்தேன், அப்போதும் கத்துகிறது. ஸ்பிண்டிலை மாற்று என்கிறார்கள் சிலர், மெஷினையே மாற்று என்கிறார்கள் சிலர். எதைக் கேட்பது?"

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். அவர் சொல்வதில் இரண்டு தொந்தரவுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, மெஷின் வளைந்துகொடுப்பது. இன்னொன்று, கத்துவது. முதலாவது பள்ளிக்கூட இயற்பியல், சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டாவதுதான் சுவாரசியம்.

3018இல் ஸ்பிண்டிலைச் சுமப்பவை பொதுவாக 10 மி.மீ. விட்டமுள்ள இரண்டு எஃகுத் தண்டுகள். இரு முனைகளிலும் தாங்கியிருப்பார்கள், நடுவில் தாங்கல் கிடையாது. இடைவெளி 340 மி.மீ. என்று வைத்து, நடுவில் 2 கிலோ எடை அளவு விசை கொடுத்தால், இரண்டு தண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.08 மி.மீ. வளையும். இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். 10,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 10,000 சுற்றில், இரண்டு பல் உள்ள பிட், நிமிடத்துக்கு 600 மி.மீ. நகரும்போது ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவலின் தடிமன் 0.03 மி.மீ. தான். சீவலைவிட வளைவு பெரிது!

தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 10 மி.மீ. தண்டை 16 மி.மீ. ஆக்கினால் ஆறரை மடங்கு. பிட்டுக்கும் இதே கணக்கு, கூடவே நீளத்தின் மூன்றாம் படி: பிட்டைக் கவ்வும் கோலெட்டிலிருந்து 30 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதை 15 ஆக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். காசு செலவில்லாத முதல் வைத்தியம் இதுதான். பிட்டை உள்ளே தள்ளி மாட்டுங்கள்.

ஆனால் பிட், கோலெட், ஸ்பிண்டிலில் இருக்கும் 775 வகை மோட்டாரின் பேரிங், பிளாஸ்டிக் தாங்கி, தண்டுகள், சட்டம், பலகையைப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றின் வளைவும் கூடிக்கொண்டே போகும், அதில் பெரும் பங்கு மிகத் தளர்ந்த ஸ்பிரிங்குடையது. மற்றதையெல்லாம் எஃகுக் கோட்டையாக்கினாலும் அந்த ஒன்றைத் தொடாவிட்டால் வித்தியாசம் தெரியாது. எது அந்த ஒன்று என்று ஊகிக்கவும் வேண்டாம். நுண்ணிய அசைவை அளக்கும் ஒரு டயல் கேஜ், கொஞ்சம் நூல், ஒரு சிறிய கப்பி, கடையில் கிடைக்கும் 2 கிலோ எடைக்கல் போதும். ஸ்பிண்டில் மூக்கை நூலால் பக்கவாட்டில் இழுத்து, கேஜை முதலில் கோலெட்டில் வையுங்கள். அப்புறம் மோட்டார் உடம்பில், பிறகு தாங்கியில், தண்டில், சட்டத்தின் மூலையில். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் அளவு திடீரென்று விழுகிறதோ, திருடன் அங்கே இருக்கிறான். பல நேரங்களில் அது இறுக்காத ஒரு ஆலன் ஸ்க்ரூவாக இருக்கும். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம், எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். எனக்கு ஆட்சேபணை இல்லை. அன்றைக்கே ஒரு சுற்று ஸ்க்ரூக்களையும் இறுக்கினால் கண்ணேறு இன்னும் சீக்கிரம் கழியும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இனி கத்தல்.

வளைந்துகொடுக்கிற மெஷின் அளவு பிசகி வெட்டும், ஆனால் கத்தியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கத்துவதற்கு யாரோ அதற்குத் தொடர்ந்து ஆற்றல் கொடுக்க வேண்டும். அறிவியல் மேலாண்மைக்குப் பெயர்போன பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர், உலோகம் வெட்டுவதைப் பற்றி 1907இல் வெளியிட்ட நீண்ட ஆய்வில், பட்டறைக்காரருக்கு எதிர்ப்படும் சிக்கல்களிலேயே மிகவும் பிடிபடாதது சேட்டர் எனப்படும் இந்தக் கத்தல்தான் என்று எழுதினார். ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக மேலும் அரை நூற்றாண்டு ஆனது. செக்கோஸ்லோவாக்கியாவில் டிலஸ்டி, இங்கிலாந்தில் டோபியாஸ் என்ற ஆய்வாளர்கள் கண்ட விடை இது: வெட்டுகிற பல், தனக்கு முன்னால் போன பல் விட்டுச்சென்ற தழும்பின் மேல் ஓடுகிறது.

மெதுவாகப் பார்ப்போம். மெஷின் எந்தப் பக்கம் தட்டினாலும் தனக்கென்று ஒரு சுருதியில் அதிரும். அதுதான் இயல்பு அதிர்வெண். நம் ரூட்டருக்கு அது விநாடிக்கு 250 என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலைக்கு 4 மில்லிவிநாடி. ஸ்பிண்டில் 10,000 ஆர்பிஎம், இரண்டு பல். எனவே 3 மில்லிவிநாடிக்கு ஒரு பல் வருகிறது. முதல் பல் எதிலோ இடறி லேசாக அதிர்ந்தது. மரத்தின் முகத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு சிற்றலை பதிந்தது. மூன்று மில்லிவிநாடி கழித்து அடுத்த பல் அதே இடத்துக்கு வருகிறது. அதற்குள் ஸ்பிண்டில் முக்கால் அலை ஆடி முடித்திருக்கிறது.

இந்த முக்காலில்தான் எல்லாம் இருக்கிறது. முக்கால் அலை தள்ளி வரும் பல், மரத்தைவிட்டு வெளியே விலகிக்கொண்டிருக்கும் நேரத்தில் பழைய அலையின் மேட்டைச் சந்திக்கிறது. மேடு என்றால் தடித்த சீவல், தடித்த சீவல் என்றால் பெரிய விசை. அந்த விசை பல்லை எந்தப் பக்கம் தள்ளும்? மரத்தைவிட்டு வெளியே. ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருப்பதை இன்னும் வெளியே தள்ளுகிறது. அரை அலை கழித்துப் பல் உள்ளே திரும்பும்போது அங்கே இருப்பது பழைய அலையின் பள்ளம். சீவல் மெலிது, தடுக்க ஆளில்லை. ஊஞ்சலை அது போகும் பக்கமாகவே ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதற்கு ஒப்பானது இது. தள்ளுகிற கை வெளியாள் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்பிண்டில் சற்று முன்பு தானே போட்ட தழும்பு இப்போது அதைத் தள்ளுகிறது. அலை வளர்கிறது, வளர்ந்த அலை அடுத்த பல்லுக்கு இன்னும் பெரிய மேட்டை விட்டுச்செல்கிறது. சில சுற்றுகளுக்குள் கத்தல்.

இப்போது ஸ்பிண்டிலை 7,500 ஆர்பிஎம்முக்கு இறக்குங்கள். பல் 4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும். முழுசாக ஓர் அலை. புதிய பல்லின் ஆட்டமும் பழைய தழும்பும் மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் ஒட்டி ஓடும். சீவலின் தடிமன் மாறாது. தள்ள ஆளில்லை, அதிர்வு பட்டினி கிடந்து அடங்கும். பல் வரும் வேகமும் மெஷினின் சுருதியும் ஒன்றாகும்போது ஒத்ததிர்வு வந்து நாசமாகும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? ஒத்ததிர்வு வரத்தான் செய்யும். சுவரின் அளவு கொஞ்சம் பிசகும். ஆனால் அது ஒரு மட்டத்தோடு நிற்கும், சேட்டர் மாதிரி தன்னைத் தானே ஊட்டி வளர்க்காது. கடைசியில் மெல்லிய ஃபினிஷிங் பாஸ் ஒன்று, அதாவது லேசாகச் சீவும் ஓர் இறுதி ஓட்டம், கொடுத்தால் அந்தப் பிசகும் சரியாகும். படித்ததற்கு எதிராகத் தெரியும் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு நுணுக்கம். அதிர்வுக்குப் பிடிவாதம் கிடையாது. 250இல் வழி அடைந்தால் சுருதியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு முக்கால் அலை பொருந்துகிற இடம் பக்கத்தில் உண்டா என்று தேடும். 7,500இல் அதற்கு மேல்பக்கம் கிடைப்பது ஒன்றே முக்கால் அலை பொருந்தும் 437தான். சொந்தச் சுருதியிலிருந்து அவ்வளவு தூரத்தில் மெஷின் சோர்ந்துபோகும். ஆனால் ஆர்பிஎம்மை 1,500 வரை இறக்கினால் என்ன ஆகும்? பல் விநாடிக்கு 50 முறைதான் வரும், 50க்கு 50 இடைவெளியில் முக்கால் அலை பொருந்தும் சுருதிகள் கிடைக்கும். எதாவது ஒன்று 250க்குப் பக்கத்தில் இருந்தே தீரும். எனவே "சத்தம் வந்தால் வேகத்தைக் குறை" என்பது பாதி உண்மை. எந்த வேகத்துக்கு என்பதில்தான் மீதி இருக்கிறது.

இது நம் மெஷினுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஒலியின் நிறமாலையைப் பார்க்கலாம். கத்தும்போது கைபேசியைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு முகடு பல் வரும் அதிர்வெண், அதாவது ஆர்பிஎம்மைப் பல் எண்ணிக்கையால் பெருக்கி 60ஆல் வகுத்தது. அதன் மடங்குகளும் வரிசையாக நிற்கும். இந்த வரிசையில் சேராமல் தனியாக ஒரு முகடு உயர்ந்து நின்றால் அதுதான் சேட்டர். சந்தேகமா? ஆர்பிஎம்மைக் கொஞ்சம் மாற்றுங்கள். கூடவே நகர்வது பல் வரும் ஓசை. ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்பது மெஷினின் சொந்தச் சுருதி. அந்த எண்ணை 60ஆல் பெருக்கி, பல் எண்ணிக்கையால் வகுத்து, வந்த விடையை 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போனால் அமைதியான வேகங்கள் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. 775 மோட்டார் நாம் கேட்ட வேகத்தைக் கொடுப்பதில்லை, மரத்தில் இறங்கியதும் தொய்யும். பல் ஓசையின் முகட்டை வைத்து உண்மையான ஆர்பிஎம்மைக் கணக்கிடலாம்.

ஃபீடைக் குறைத்தும் ஏன் பயன் இல்லை என்று கேட்டிருந்தார். நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகத்தில் ஒரு பல் எடுப்பது 0.005 மி.மீ. பல்லின் விளிம்பு எவ்வளவு கூர்மை என்றாலும் சில மைக்ரான் மழுங்கல் இருக்கும். அவ்வளவு மெல்லிய சீவலை அது வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், பிட் சூடேறி இன்னும் மழுங்கும். சத்தம் வந்தால் ஃபீடைக் குறை என்று வாய்வழியாகப் பரவியிருப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான், எலுமிச்சம்பழத்துக்காவது செலவு குறைவு. ஃபீடை 600லேயே விட்டு, ஆழத்தை 2இலிருந்து 1 ஆக்கிப் பாருங்கள். முக்கால் அலையே அமைந்தாலும் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே கத்தல் பிறக்காது. தழும்பு கொடுக்கும் ஆற்றலைவிட மெஷின் உள்ளுக்குள் விழுங்கும் ஆற்றல் அதிகமாக இருக்கும். அந்த எல்லை ஆழம், விறைப்பையும், அதிர்வை விழுங்கும் குணமான தணிப்பையும் பெருக்கி வருவது.

தணிப்பை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். பழைய லேத்துகளை வார்ப்பிரும்பில் செய்ததற்குக் கனம் மட்டும் காரணமில்லை, அதற்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வைத் தின்றுவிடும். இந்த மெஷின்களின் சட்டமான அலுமினிய ப்ரொஃபைலுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. அதன் பொந்துகளில் காய்ந்த மணலும் எப்பாக்ஸியும் கலந்து நிரப்பலாம், ஆனால் அசையாத அடிச்சட்டத்தில் மட்டும். ஓடுகிற பாகத்தில் கனம் ஏற்றினால் அதை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் திணறும், சுருதியும் கீழே இறங்கும். அடியில் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வைத்திருப்பவர்கள் நீலகிரியில் ஆடி மாதத்து மூடுபனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் குடித்து உப்பினால் மட்டம் போய்விடும். சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் துண்டின் மேல் சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்குவது எவ்வளவோ மேல். மெஷினுக்குக் கீழே ஸ்பாஞ்ச் வைப்பது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்கு நல்லது, சேட்டருக்கு மருந்தில்லை.

எவ்வளவு விறைப்பு போதும்? ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் போய்ப் பாருங்கள். கோவிந்த் ஸ்வரூப் குழு வடிவமைத்து 1970இலிருந்து இயங்கும் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதன் பிரதிபலிக்கும் முகம் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள், தாங்குவது 24 சட்டங்கள். காற்றில் கம்பி கொஞ்சம் அசைந்தால் குடிமுழுகிப் போகாது. அது கேட்கும் அலையின் நீளம் 92 செ.மீ., அதில் இருபதில் ஒரு பங்கு பிசகு என்றாலே நாலரை செ.மீ. வருகிறது. தேவையான துல்லியம் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டு, அதற்கு மேல் ஒரு கிலோ இரும்புகூட வீணாக்காமல் உள்நாட்டிலேயே கட்டினார்கள். அப்படிப்பட்ட மலையில், ஒரு பையனுக்கு டயல் கேஜ் தொட்டுப் பார்க்க ஒரு பொதுப் பட்டறை இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. பெரிய ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் போகட்டும், வேண்டியதுதான். தாலுகாவுக்கு ஓர் அளவைக் கருவிப் பெட்டி என்று ஒதுக்கினால் ஆகும் செலவு, அந்தத் திட்டங்களின் திறப்பு விழாப் பந்தல் செலவைத் தாண்டாது.

வாசகர் கடிதத்தின் கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தார்: அலுமினியத் தகட்டில் எழுத்து வெட்ட முடியுமா? முடியும். பிட் குட்டையாக நீட்டட்டும், ஆழம் ஒரு பாஸுக்கு 0.1 மி.மீ. அளவில் தொடங்குங்கள், தகட்டை முனைகளில் மட்டும் பிடிக்காமல் அடியில் முழுக்க இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். சீவல் வெளியேற இடம் வேண்டும் என்பதால் ஒற்றைப் பல் பிட்தான் நல்லது. அதை மாட்டியதும் மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட வேண்டும். 250 சுருதி மெஷினுக்கு ஒற்றைப் பல்லில் வரும் வேகங்கள் 15,000, 7,500, 5,000. முதலாவதை 775 எட்டாது. இரண்டாவதில் ஆரம்பியுங்கள்.