வாய்ப்பேச்சுக் குத்தகை: நஷ்டம் யார் தலையில்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நிலக் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று பேசிக்கொள்வார்கள், அறுவடை முடிந்ததும் அளந்துவிடுவார்கள். பத்திரமும் கிடையாது, ரசீதும் கிடையாது. சம்பா தண்ணீரில் மூழ்கும் வருஷத்தில்தான் வினை தெரியும். பயிர் வைத்தவர் ஒருவராக இருக்க, நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகும்.

இதை நிலக்காரரின் பேராசை என்று சொல்லி முடித்துவிட முடியாது. சட்டம் அவர் முன்னால் என்ன கணக்கை வைக்கிறது என்று பார்க்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகை பாக்கி வைக்காத, நிலத்தைக் கெடுக்காத, நிலக்காரரின் உரிமையை மறுக்காத குத்தகைதாரரை வெளியேற்றுவது எளிதல்ல. பண்ணைகள் கோலோச்சிய காலத்தில் ஏழைக் குடும்பங்களை நிலத்தில் நிற்க வைத்த சட்டம் அது. ஆனால் இன்று இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு, ஒரு கையெழுத்துப் போட்டால் நிலம் திரும்பி வராதோ என்ற பயம். நியாயக் குத்தகைச் சட்டம் விளைச்சலில் 25 சதவீதத்தை வரம்பாக வைக்கிறது. ஊரில் நடக்கும் குத்தகை அதைவிடக் கூடுதலாக இருந்தால், ரசீது கொடுப்பதே தனக்கு எதிரான சாட்சி. ஆகவே கையெழுத்தும் போட மாட்டார், இரண்டு மூன்று வருஷத்தில் ஆளையும் மாற்றிவிடுவார்.

அந்த மாற்றம் மண்ணில் தெரியும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் 45 நாளில் மடக்கி உழுதால் அடுத்தடுத்த போகத்துக்கும் மண் வளம் கூடும். விதைக்கும் உழவுக்கும் பணம் போவது இந்த வருஷம். பலனை எடுக்கப்போவது அடுத்த வருஷம் வருகிறவர் என்றால் யார் விதைப்பார்? வடிகால் வாய்க்கால் தூர்வாருவதும், வரப்பைக் கட்டுவதும், வயலைச் சமன் செய்வதும் இப்படியே நின்றுபோகின்றன.

விளைச்சலை நிலக்காரரும் சாகுபடியாளரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் சரிபாதி வாரத்தில் வேறு சிக்கல். களைக்கும் மேலுரத்துக்கும் 1,000 ரூபாய் கூடுதலாகப் போட்டால் 1,600 ரூபாய் நெல் கூடும் என்று வையுங்கள். செலவு முழுக்கச் சாகுபடியாளருடையது என்றால் அவர் பங்கு 800, அதாவது 200 ரூபாய் கைநஷ்டம். அவர் செய்ய மாட்டார். அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. விளைச்சலைப் போலவே செலவையும் பாதியாகப் பிரித்தால் இது தீரும். நிலையான குத்தகையில் 1,600-ம் அவருக்கே. ஆனால் வெள்ளத்தின் முழு நஷ்டமும் அவர் தலையில்தான்.

அந்த நஷ்டத்துக்குத்தான் பயிர்க் காப்பீடு. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்தால் 540. கிராமத்துக்குக் காப்பீட்டில் குறித்துவைத்த உத்தரவாத விளைச்சல் 2,000 கிலோ, மாதிரி வயல்களை அறுத்துப் பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் வந்தது 1,500 கிலோ என்றால், குறைவு கால்வாசி, இழப்பீடு 9,000 ரூபாய். கணக்கு கிராமத்துக்குத்தான், தனி வயலுக்கு இல்லை. தன் வயலைக் கவனிக்காமல் விட்டு யாரும் இழப்பீட்டைக் கூட்டிக்கொள்ள முடியாது என்பது இதன் நன்மை. பள்ளத்தில் இருக்கும் உங்கள் வயல் மட்டும் அழுகினால் இந்தக் கணக்கில் ஒன்றும் வராது என்பது இதன் குறை.

குத்தகைதாரர் தன் பெயருக்கு அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்கின் நகல், வாங்கிக் காப்பீட்டில் பதிவு செய்யலாம். சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அதற்கு முந்தைய வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நடவு முடிந்த கையோடு அடங்கலுக்குப் போங்கள். அதே சர்வே எண்ணில் நிலக்காரர் முன்பே பதிந்துவிட்டாரா என்று கேளுங்கள். இரட்டைப் பதிவில் இழப்பீடு சிக்கிக்கொள்ளும்.

பல வருஷமாகச் சாகுபடி செய்பவர்கள் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்க மனுப் போடலாம். வாய்ப்பேச்சுக் குத்தகையும் சட்டப்படி குத்தகையே. ஆனால் தானோ தன் குடும்பமோ வயலில் உடலுழைப்புப் போட்டதைக் காட்ட வேண்டும். முழுக்கக் கூலி ஆள் வைத்துச் செய்தவர்களின் மனு இங்கேதான் அடிபடுகிறது. உர ரசீது, டிராக்டர் வாடகைச் சீட்டு, அடங்கல் நகல் எல்லாவற்றையும் வருஷவாரியாகக் கட்டி வையுங்கள். நிலக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் கட்டச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பாக்கி என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அரசு செய்ய வேண்டியது, நில உரிமைப் பயத்தையும் பயிர்ச் சலுகையையும் தனித்தனியாகப் பிரிப்பது. ஆந்திரம் 2019-ல் 11 மாதச் சாகுபடியாளர் அட்டைக்குச் சட்டம் போட்டது. அதற்கும் நிலக்காரரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் பழைய பயமே வாசலில் வந்து நின்றது. இங்கே முறையைத் திருப்பிப் போடலாம். நடவு வயலை நேரில் பார்த்து, அந்த ஒரு போகத்துக்கான சாகுபடிச் சான்று தயாராகட்டும். நிலக்காரருக்கு நோட்டீஸ் போகட்டும். 15 நாளில் ஆட்சேபம் வராவிட்டால் சான்று செல்லும். காப்பீடு, நிவாரணம், கொள்முதல் மூன்றுக்கு மட்டுமே இது, குத்தகை உரிமைக்கு ஆதாரமாகாது என்று சான்றின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். அப்படி ஒரு சான்று வரும் முன், உழைத்துப் பல வருஷம் நிலத்தில் இருப்பவர்கள் 1969 சட்டத்து மனுவை முதலில் போட்டுவிட வேண்டும்.