எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்: சொல் விளக்கம்

1956இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஃபர்பிடன் பிளானட்' படத்தின் டைட்டிலில் 'இசை' என்று போட்டு யார் பெயரும் வராது. அதற்குப் பதிலாக 'எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்' என்ற தொடரும், லூயிஸ் பேரன் (Louis Barron), பீபி பேரன் (Bebe Barron) என்ற தம்பதியின் பெயர்களும் வரும். முழுநீளப் படம் ஒன்றுக்கு முழுக்க முழுக்க மின்னணுக் கருவிகளாலேயே இசை அமைந்தது அதுதான் முதல் தடவை. தெரமின் போன்ற மின்கருவிகளை ஹாலிவுட் அதற்கு முன்பே பயன்படுத்தியிருந்தது. ஆனால் அவை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்தே ஒலித்தன.

பேரன் தம்பதி நியூயார்க்கில் தங்கள் வீட்டையே ஸ்டூடியோவாக வைத்திருந்தார்கள். உயிர்களும் எந்திரங்களும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் துறையான சைபர்நெட்டிக்ஸ் பற்றிக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948இல் எழுதிய நூலைப் படித்துவிட்டு, பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வுகளைக் கொண்டு சர்க்யூட்டுகளை லூயிஸ் கட்டினார். அவற்றில் மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றும் தன் போக்கில் கத்தும், முனகும், கடைசியில் கருகிப்போகும். கருகியது கருகியதுதான், அதே ஓசையை இன்னொரு முறை எழுப்ப முடியாது. அதனால் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்துக்கொண்டார்கள். மணிக்கணக்கில் ஓடும் அந்தப் பதிவுகளைக் கேட்டு, தேறுவதைப் பொறுக்கி, வேகத்தைக் குறைத்தும் கூட்டியும், பின்னோக்கி ஓட்டியும், எதிரொலி சேர்த்தும் காட்சிகளுக்குப் பொருத்தினார்கள். மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வருவதற்கு எட்டு வருடங்களுக்கு முந்தைய வேலை இது!

இருவரும் இசைக்கலைஞர் சங்கத்தில் உறுப்பினர்கள் அல்ல. 'இசை' என்று போட்டால் சங்கத்தோடு வழக்கு வரும் என்று எம்.ஜி.எம். பயந்தது. அதனால் பிறந்ததுதான் இந்தத் தொடர். இசைக்கான ஆஸ்கர் போட்டிக்கும் படம் போகவில்லை. உழைத்தவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'டோனாலிட்டி' 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இசை எழுத்துகளில் பரவிய சொல். ஒரு சுரத்தை ஆதாரமாக வைத்து மற்ற சுரங்கள் அதைச் சுற்றி அமைவதே இதன் இசையியல் பொருள். பேரன்களின் ஓசைகளில் அப்படி ஓர் ஆதார சுரமே கிடையாது. ஆக, டைட்டிலில் அந்தச் சொல் 'விதவிதமான ஒலிகள்' என்ற தளர்ந்த பொருளில்தான் நிற்கிறது.

இதன் அடியில் இருப்பது 'டோனோஸ்' என்ற கிரேக்கச் சொல். இழுத்துக் கட்டுதல், விறைப்பு என்று பொருள். இழுத்துக் கட்டிய நரம்பிலிருந்து பிறக்கும் ஒலிக்கும் பிறகு அதுவே பெயரானது. வடமொழியில் 'நீட்டு' எனப் பொருள்படும் 'தன்' என்ற வேரும் இதே குடும்பம். நாம் வீணையில் மீட்டும் தந்தியும், ராகம் தானம் பல்லவியில் வரும் தானமும் அந்த வேரிலிருந்து வந்தவை. ஆனால் 'தொனி'க்கும் 'டோன்'னுக்கும் உறவில்லை. ஓசை ஒத்திருப்பது தற்செயல். தொனி, 'த்வனி' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்.

தமிழில் எப்படிச் சொல்வது? இசையியல் பொருளுக்குச் 'சுருதியமைவு' பொருந்தும். டைட்டிலில் வரும் தொடருக்கு அதைப் போட்டால் தப்பாகிவிடும். அங்கே 'மின்னணுத் தொனிகள்' என்பதே என் தேர்வு. இலங்கை வழக்கில் 'இலத்திரனியல் தொனிகள்' எனலாம். வேர் வேறாக இருந்தாலும், 'அவர் பேச்சின் தொனியே மாறிவிட்டது' என்கிறோமே, அப்படி ஒலியோடு உணர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் சொல் அது. அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத பூதம் நெருங்கும்போது நமக்கு முதலில் தட்டுப்படுவது தொனிதான்.

'மின்னணு இசை' என்று மொழிபெயர்த்தால் சங்கத்துக்குப் பயந்து சொல்லை மாற்றிய கதை மறைந்துவிடும். அதனால் டைட்டிலைத் தமிழாக்கும்போது அது வேண்டாம். ஆனால் அவர்கள் செய்த வேலையைப் பற்றி எழுதும்போது தயங்காமல் 'இசை' என்றே எழுதலாம். தொல்காப்பிய உரியியல் துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்ற நான்கையும் இசைப்பொருள் தரும் சொற்கள் என்கிறது. அங்கே இசை என்றால் ஓசை. கருகும் வால்வின் அலறலுக்கும் அதில் இடம் உண்டு.