ஸ்பானிஷ் வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன்

என்னிடம் ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்கள் பலருடைய போனில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். ஒரு வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் கட்டம் கட்டமாகப் போட்ட அட்டவணை, பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள். இரவு உட்கார்ந்து அதை உருப்போட்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள், ஒரு கட்டம்கூடத் தவறாது. சரி, ‘சின்ன வயதில் தாத்தாவிடம் தினமும் பேசுவேன்’ என்பதைச் சொல்லுங்கள் என்றால் நின்றுவிடுவார்கள்.

பல வருடமாக இதைப் பார்த்து எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாம் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம், அதனால் தமிழ் நமக்குச் சும்மா கொடுத்திருக்கும் பாதி உதவியைத் தொலைத்துவிடுகிறோம். ‘பேசினேன்’ என்ற ஒரே சொல்லில் செயல், காலம், ஆள் மூன்றும் இருக்கின்றன, ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஸ்பானிஷும் அப்படியேதான். ஆனால் ஆங்கிலப் பழக்கத்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யொ, யொ’ என்று ‘நான்’ போட்டுப் பேசுகிறோம், கேட்கிற மெக்சிகோக்காரருக்கு அது ‘நான்தான், நான்தான்’ என்று மார்தட்டுவது போல இருக்கும்.

முதலில் ஒலியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உண்மையான சேதம் அங்கேதான் நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பெண் ஒருவர் என்னிடம் படித்தார். மெக்சிகோ அலுவலகத்தோடு தினமும் கால் பேச வேண்டிய வேலை. ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார் என்று சொல்ல நினைத்து அவர் சொன்னது, ‘யா பாகொ’. அந்தப் பக்கம் இருந்தவர் சரி என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்தும் அந்தக் கணக்கு திறக்கவில்லை, வாடிக்கையாளர் கத்துகிறார், இவருக்கு ஒன்றும் புரியவில்லை. ‘யா பாகொ’ என்றால் ‘இதோ நான் கட்டுகிறேன்’. அவர் சொல்லியிருக்க வேண்டியது ‘யா பகோ’, அதாவது ‘அவர் கட்டிவிட்டார்’. அழுத்தம் முதல் அசையில் விழுந்ததா கடைசி அசையில் விழுந்ததா என்பது மட்டும்தான் வித்தியாசம். எழுத்தில் அதைக் காட்டுவது கடைசி எழுத்தின் மேல் போடும் ஒரு சின்னச் சாய்கோடு.

தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைப் பிடிப்பதில்லை. ஆனால் குறில் நெடில் வித்தியாசத்தை நம் காது ஒருநாளும் தவறவிடாது, படி வேறு பாடி வேறு. அதனால் வகுப்பில் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். கட்டு என்ற வினையை எடுத்தால் பாகொ, நான் கட்டுகிறேன். பகோ, அவர் கட்டினார். பாகெ, கட்டுங்கள். பகே, நான் கட்டினேன். நான்கும் நான்கு வெவ்வேறு செய்தி, அதுவும் பண விஷயத்தில். மெயிலில் அந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டால் ‘நான் கட்டினேன்’ என்பது ‘நீங்கள் கட்டுங்கள்’ என்றாகிவிடும். ஸ்பானிஷ்காரர்களும் வாட்ஸ்அப்பில் அதை விட்டுவிடுகிறார்களே என்று கேட்பார்கள். அவர்களுக்கு வாக்கியத்தின் மீதிப் பகுதி சரியாக இருக்கும், அதனால் தப்பித்துவிடும், நமக்கு இன்னும் அந்த வசதி வரவில்லை. கணினியில் ஸ்பானிஷ் விசைப்பலகையைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை, முதல் நாளே செய்துவிடுங்கள்.

இனி பேசு என்ற வினைக்கு வருவோம், ஸ்பானிஷில் அப்லார் (இந்த ‘ப’வை ‘அம்பு’வில் வருவது போல மெதுவாகச் சொல்ல வேண்டும்). ஒழுங்கான வினைகள் ஆர், எர், இர் என்ற மூன்று முடிவுகளில் வரும், அதில் ஆர்தான் மிகப் பெரிய கூட்டம், புதிதாகப் பிறக்கிற வினைகளும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும். ட்வீட் போடுவதற்கான ‘துய்தெயார்’ என்ற வினை 2014-இல் வந்த ஸ்பானிஷ் அகாதமி அகராதியின் 23-ஆம் பதிப்பில் ஏறிவிட்டது, அதுவும் ஆர்தான். ஆகவே அப்லார் ஒன்றை நன்றாகப் பிடித்தால் பெரிய பங்கு கையில் வந்துவிடும்.

நிகழ்காலம் ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, அப்லாமொஸ், ஆப்லன். நான், நீ, அவர், நாம், அவர்கள். நடுவில் பெரும்பாலும் ஸ்பெயினில் புழங்கும் ‘நீங்களெல்லாம்’ ஒன்று உண்டு, அப்லாய்ஸ். உங்கள் வேலை மெக்சிகோவோடோ கொலம்பியாவோடோ என்றால் அதைக் கேட்டால் புரிந்தால் போதும், லத்தீன் அமெரிக்கா முழுக்க ‘உஸ்தேதெஸ்’ என்று சொல்லி ‘அவர்கள்’ வடிவத்தையே போடுவார்கள். அர்ஜென்டினா என்றால் ‘நீ’யே வேறு, ‘வொஸ் அப்லாஸ்’, அழுத்தம் கடைசிக்குப் போய்விடும். யாரோடு பேசப் போகிறோம் என்று தெரியாமல் எல்லாக் கட்டத்தையும் ஒரே எடையில் படிப்பது வீண் உழைப்பு.

இங்கேயே முதல் பள்ளம். ‘தினமும் காலையில் காபி குடிப்பேன்’ என்கிறோம், வடிவம் எதிர்காலம், பொருள் பழக்கம். அதைப் பார்த்து நம்மவர்கள் ‘தொமரே’ என்று எதிர்காலத்தைப் போடுகிறார்கள். ஸ்பானிஷில் அன்றாடப் பழக்கம் நிகழ்காலம், ‘தோமொ கஃபே’. அதே எதிர்கால வடிவம் இறந்தகாலப் பழக்கத்துக்கும் வரும், ‘சின்ன வயதில் தாத்தாவிடம் பேசுவேன்’. அதற்கு ஸ்பானிஷில் அப்லாப. தமிழ் இலக்கணத்தில் எதிர்காலம் என்று பெயர் இருப்பதாலேயே ஸ்பானிஷ் எதிர்காலத்தைத் தேடிப் போகாதீர்கள், பொருள் என்ன என்று பாருங்கள்.

இந்த அப்லாப, அப்லே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள். தமிழ் வழியாக வந்தால் சோதனை எளிது. ‘பேசினேன்’ என்று சொல்லி முடித்தால் அப்லே. ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்றோ, பழைய பழக்கமாகப் ‘பேசுவேன்’ என்றோ சொல்லத் தோன்றினால் அப்லாப. நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன், அப்போது போன் அடித்தது: முதலாவது அப்லாப, இரண்டாவது அடித்து முடிந்துவிட்டது, சொநோ. நூறு வாக்கியத்தில் தொண்ணூறுக்கு இது கைகொடுக்கும், மீதியைப் படிக்கப் படிக்கக் காது சொல்லிக்கொடுக்கும். நாம் பேசினோம் என்பதும் பேசுகிறோம் என்பதும் இரண்டுமே அப்லாமொஸ்தான், அது நேற்றா இன்றா என்று பக்கத்துச் சொல்தான் காட்ட வேண்டும், அதனால் ‘அயேர்’ என்ற நேற்றைச் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

பெயர்கள் வேறு குழப்பும். இந்த அப்லேயை ஒரு புத்தகம் இந்தெஃபினீதொ என்று சொல்லும், இன்னொன்று பெர்ஃபேக்தொ சீம்ப்லெ என்று சொல்லும், மூன்றாவது வெறுமனே பிரெதேரிதொ என்று சொல்லும். கராகஸில் பிறந்த அந்த்ரேஸ் பெய்யொ 1847-இல் சிலேயில் வெளியிட்ட இலக்கணத்தில் அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ்காரர்களுக்காகக் காலங்களுக்குத் தனிப் பெயர்களே வைத்தார், அப்லாபவுக்குக் கொப்ரெதேரிதொ என்று பெயர். மாட்ரிட் வழியில் வந்த புத்தகம் அதையே இம்பெர்ஃபேக்தொ என்று சொல்லும். இரண்டு வழியில் வந்த அட்டவணைகளைக் கலந்து வைத்துக்கொண்டு, ஐயோ இன்னும் எத்தனை காலம் இருக்கிறது என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். காலம் ஒன்றுதான், பெயர்தான் பல.

எதிர்காலம் அப்லரே. பேச என்பதற்கான அப்லார் என்ற முழுச்சொல்லோடு ‘எ’ என்ற துணைவினை ஒட்டி உறைந்துபோனதுதான் இது, ஒட்டி ஒட்டிச் சொல் செய்யும் நமக்கு இது புதிதே இல்லை. இன்னொரு அழகு, ‘இந்நேரம் அவளோடு பேசிக்கொண்டிருப்பான்’ என்று ஊகத்துக்கு நாம் எதிர்காலத்தைப் போடுகிறோமே, ஸ்பானிஷும் அதையே செய்கிறது, ‘எஸ்தரா அப்லாந்தொ’. அட்டவணையில் எதிர்காலம் என்று மட்டும் படித்தவருக்கு இது விதிவிலக்கு, தமிழருக்கு இது வீட்டுப் பேச்சு.

கூட்டு வடிவங்களும் அப்படித்தான். பேசியிருக்கிறேன், ‘எ அப்லாதொ’. பேசியிருந்தேன், ‘அபீய அப்லாதொ’. பேசியிருப்பேன் என்று வரும்போது மட்டும் நில்லுங்கள், தமிழில் ஒன்று, ஸ்பானிஷில் இரண்டு. நாளை இந்நேரம் பேசி முடித்திருப்பேன் என்றால் ‘அப்ரே அப்லாதொ’, நீ சொல்லியிருந்தால் பேசியிருப்பேன் என்றால் ‘அப்ரீய அப்லாதொ’. இன்று காலை பேசியதற்கு ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘எ அப்லாதொ’ என்பார்கள், மெக்சிகோவில் ‘அப்லே’ என்றே முடித்துவிடுவார்கள்.

இப்போது எல்லோரும் பயப்படுகிற சுப்ஹுந்தீவொ, விருப்பத்தையும் சந்தேகத்தையும் சொல்லும் வினைவடிவம். ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய செத்துப்போன வடிவம், அதனால் ஆங்கிலத்தில் எழுதிய பாடங்கள் இதை ஏதோ மர்மம் போலச் சொல்கின்றன. மெக்சிகோவில் செப்டம்பர் 15 இரவு அதிபர் தேசிய மாளிகையின் மாடத்தில் வந்து நின்று ‘வீவ மேஹிகொ’ என்று முழங்குவார். அந்த ‘வீவ’தான் சுப்ஹுந்தீவொ. அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? வாழ்க. பள்ளியில் படித்த வியங்கோள் வினைமுற்று. பேச்சில் ‘வாழட்டும்’, ‘பேசட்டும்’. ‘கெ ஆப்லெ’ என்றால் அவர் பேசட்டும். செய்வதும் சுலபம், ஆப்லொவில் கடைசி ஒலியை எடுத்துவிட்டு ஆர் வினைக்கு ‘எ’, மற்ற இரண்டுக்கும் ‘அ’ போட்டால் போதும், ஆப்லெ, கோம (சாப்பிடட்டும்), வீவ.

ஏவலில் தமிழ் இன்னும் துணை நிற்கிறது. பேசு, ‘ஆப்ல’. பேசாதே என்பதற்கு ஆங்கிலம் முன்னால் ஒன்றை ஒட்டிவிட்டு அதே வினையை வைத்துக்கொள்ளும், அதைப் பார்த்து ‘நொ ஆப்ல’ என்று சொல்லிவிடுகிறார்கள், அதற்குப் பொருள் ‘அவர் பேசுவதில்லை’. நம் மொழியிலோ பேசு வேறு, பேசாதே வேறு வடிவம். ஸ்பானிஷும் வடிவத்தை மாற்றுகிறது, ‘நொ ஆப்லெஸ்’.

தமிழ் கைவிடும் இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘அவன் பேசுவான் என்று தோன்றவில்லை’ என்பதில் நமக்குச் சாதாரண வினை, ஸ்பானிஷில் சந்தேகம் வந்ததால் ஆப்லெ. ‘நீ பேசும்போது’ என்பது எப்போதும் நடப்பதா இனி நடக்கப்போவதா என்று தமிழ் பிரிப்பதில்லை. ஸ்பானிஷ் பிரிக்கும், எப்போதும் என்றால் ‘குவாந்தொ ஆப்லஸ்’, இனிமேல் என்றால் ‘குவாந்தொ ஆப்லெஸ்’. எல்லாவற்றையும்விட அதிகம் தவறு நடப்பது ‘ஆல்’ விகுதியில். ‘நீ பேசினால் வேலை முடியும்’ என்பது நடக்கக்கூடியது, அங்கே வெறும் நிகழ்காலம், ‘சி ஆப்லஸ்’. ‘நீ மட்டும் பேசினால்... ஆனால் எங்கே பேசப்போகிறாய்’ என்ற தொனி என்றால் ‘சி அப்லாரஸ்’. நிபந்தனை என்றாலே சுப்ஹுந்தீவொ என்று எங்கோ படித்துவிட்டு ‘சி ஆப்லெஸ்’ என்று எழுதுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, ‘ஆல்’ என்ற பொருளில் வரும் ‘சி’க்குப் பின்னால் ஆப்லெஸ் வராது. அப்லார வேறு, அப்லரா வேறு என்பதையும் இங்கே காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதலாவது பேசினால் என்ற கற்பனை, இரண்டாவது நாளைக்குப் பேசுவார்.

அப்லாரவுக்கு அப்லாசெ என்று இரட்டை ஒன்று உண்டு, கேட்டால் புரிந்தால் போதும். அப்லாரெ என்று எதிர்கால சுப்ஹுந்தீவொவும் அட்டவணையில் இருக்கும். ஸ்பெயினின் 1995 குற்றவியல் சட்டத்தில் 138-ஆம் பிரிவு ‘எல் கெ மதாரெ’ என்றுதான் தொடங்குகிறது, ‘ஒருவரைக் கொல்பவர்’ என்று பொருள். சட்டத்திலும் பழமொழியிலும் மிஞ்சியிருக்கும் வடிவம், அதை உருப்போட ஒரு இரவைச் செலவழிக்க வேண்டாம்.

அந்தக் கணக்குப் பிரிவுப் பெண் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, அன்றன்றைக்கு அலுவலகத்தில் தமிழில் தனக்குள் சொல்லிக்கொள்ளும் ஐந்து வாக்கியங்களை மட்டும் ஸ்பானிஷில் மாற்றி, குறில் நெடில் போட்டு எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினார். கட்டினாரா, கட்டியிருக்கிறாரா, கட்டுவாரா, கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே, இதையே சுற்றிச் சுற்றி. நான்கு மாதம் கழித்து ஒரு மாலை வகுப்புக்கு வந்ததும், இன்றைக்கும் பணம் வரவில்லை என்று பையை மேசையில் வைத்துவிட்டு, யோசிக்காமல் சொன்னார்: ‘ஒஹலா பாகெ மஞான’. நாளைக்காவது கட்டட்டும்.