தாமரைத் தொட்டியும் டெங்கு நுளம்பும்

யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் தாமரை வளர்க்கும் ஆசை பெருகி வருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நான் வளவுக்குள் நுழைந்ததும், தொட்டியை அகற்றச் சொல்லிவிடுவேனோ என்று வீட்டுக்காரர் முகம் வாடுகிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் நுளம்பு பெருக இடங்கொடுக்கும் வளவின் உரிமையாளரைப் பொறுப்பாளியாக்குவதால் அந்தக் கலக்கத்தில் நியாயமுண்டு. தாமரையை அகற்ற வேண்டியதில்லை. மீன் இல்லாமல் மட்டும் அதை வளர்க்காதீர்கள்.

டெங்கைப் பரப்பும் நுளம்பு நாறும் சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் பிடித்தமானது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். மண்துகள் போலக் கறுத்திருக்கும் அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆடி, ஆவணி வெயிலில் தொட்டி நீர் கீழிறங்கும். ஐப்பசி மழையில் நீர் ஏறி முட்டைகளைத் தொட்டதும் அவை பொரித்து, ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகப் பறந்துவிடும். மாரி தொடங்கியதும் இங்கே டெங்கு தலைதூக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. புரட்டாதி முடிவதற்குள் தொட்டியின் உட்சுவரைத் தேங்காய்ப் பொச்சால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

அடுத்த வேலையைக் கப்பி மீன் பார்த்துக்கொள்ளும். ஒரு தொட்டிக்கு இரண்டு மூன்று சோடி போதும், தாமாகவே பெருகும். தீனியை அள்ளிப் போடாதீர்கள், பசித்த மீன்தான் குடம்பியை, அதாவது முட்டையிலிருந்து வரும் நுளம்புப் புழுவை, தேடித் தின்னும். மாலையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் சிறு புழுக்கள், தொட்டியின் விளிம்பைத் தட்டியதும் நெளிந்து அடியில் இறங்கினால் அவை குடம்பிகள். இலைகள் நீரை முழுதும் மூடிவிட்டால் மீனுக்கு வேட்டையாட வெளி இருக்காது; பழுத்த இலைகளை நீருக்கு மேலே வெட்டி எடுங்கள். நீருக்குள் வெட்டினால் தண்டின் துளைகள் வழியே நீர் இறங்கிக் கிழங்கு அழுகக்கூடும். உரத்தை நீரில் கரைத்தால் மீன் செத்துவிடும். கடதாசியில் பொதிந்து சேற்றுக்குள் புதையுங்கள்.

அழகுக்கென்று ஆகாயத் தாமரையையும் அதே தொட்டியில் மிதக்கவிடுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மன்சோனியா என்றொரு நுளம்பு உண்டு. அதன் குடம்பி மூச்சுவிட மேலே வராது. மிதக்கும் செடியின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றை உறிஞ்சும். வேர்க்கற்றைக்குள் ஒளிந்திருப்பதால் மீனுக்கும் எளிதில் அகப்படாது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்த நுளம்புதான்.

பரிசோதனையில் குடம்பி அகப்படுவது பெரும்பாலும் தாமரைத் தொட்டியில் அல்ல, அதன் அக்கம்பக்கத்தில். கிழங்கு பிரித்தபின் கோடிப்புறத்தில் வீசிய பழைய பேசின், தொட்டிக்கு ஊற்றவென்று நிரப்பி மறந்துபோன வாளி, யன்னல் ஓரத்தில் விதை முளைக்கவைத்த கண்ணாடிக் குவளை. தாமரை விதையின் ஓட்டை உரசி ஊறவைத்தால் சில நாட்களில் முளைவிடும். அதுவரை நாள்தோறும் நீரை மாற்றுவது முளைக்கும் நல்லது.

வளர்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மணிநேரமாவது நேர்வெயில் வேண்டும். ஓட்டையில்லாத அகன்ற பாத்திரத்தில் வயல் களிமண்ணை இட்டு, மேலே ஒரு சாண் அளவுக்கு நீர் விடுங்கள். தென்னந்தும்புத்தூள் மிதந்துவிடும், வேண்டாம். உவர்க் கிணற்று நீரைத் தவிர்த்து மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். சேமிக்கும் பாத்திரத்தை இறுக மூடுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் தொட்டிக்குக் கட்டாயம் கம்பிவலை போடுங்கள். சாண் நீரிலும் குழந்தை மூழ்கும்.

மீன் பெருகினால் அயலவருக்குக் கொடுங்கள். குளத்தில் மட்டும் விடாதீர்கள். கப்பி நம் மண்ணுக்குரிய மீனல்ல, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும்.